நாட்பட்ட நோயும் பணியிடமும்

ஆண்டுத் தேர்வு நடைபெறும் பள்ளிக்கூடம் ஒன்றைச் சற்றே மனக்கண்முன் கொண்டுவருவோம். தேர்வு மேற்பார்வைக்கு அமர்த்தப்பட்ட ஆசிரியர் ஒருவர் காலை ஏழரை மணிக்கு வீட்டைவிட்டுப் புறப்படுகிறார். புறப்படுமுன் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு, அவசரத்தில் இரண்டே இட்டிலி உண்டிருக்கிறார். வினாத்தாள் கட்டு வந்துசேரத் தாமதமாகிறது; பத்து மணிக்குத் தொடங்கவேண்டிய தேர்வு பத்தரைக்குத் தொடங்குகிறது. மூன்று மணி நேரம் அவர் கூடத்தைவிட்டு வெளியேறலாகாது. உள்ளே எதையும் உண்ணலாகாது. உட்காருவதும் அவ்வளவாக விரும்பப்படுவதில்லை. பன்னிரண்டரை மணி அளவில் அவருடைய நெற்றி வியர்க்கிறது, விரல்கள் நடுங்குகின்றன. கூடுதல் விடைத்தாளில் கையொப்பமிடும்போது எழுத்துக் கோணிப்போகிறது. மாணவன் ஒருவன் மணி என்னவென்று கேட்டதற்குப் பொருத்தமற்ற ஏதோ ஒரு விடையைக் கூறுகிறார். அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்த ஆசிரியர் வேறு விதமாக ஐயுற்று முகத்தைச் சுளிக்கிறார்.

நோயுற்ற ஆசிரியரின் சட்டைப் பையில் சர்க்கரைப் பொட்டலம் ஒன்று இருக்கிறது. அதை எடுத்து வாயில் இட்டுக்கொள்ள அரை நிமிடம் போதும். ஆயினும் அவர் எடுக்கவில்லை. தமக்கு நீரிழிவு உண்டு என்பது பள்ளியில் எவருக்கும் தெரியலாகாது என்று ஆறு ஆண்டுகளாக அவர் காத்துவந்த இரகசியம் அப்பொட்டலத்தோடு சேர்ந்து வெளிப்பட்டுவிடும் அல்லவா?

இது குறிப்பிட்ட ஒரு பள்ளியில் நடந்ததாகக் கூறப்படும் நிகழ்ச்சியன்று; எந்தப் பள்ளியிலும் நடக்கக்கூடியது. அவர் உடலில் நேர்ந்தது என்ன என்பதை மட்டும் முதலில் தெரிந்துகொள்வது நலம். மூளைக்கு முதன்மையான எரிபொருள் இரத்தத்திலுள்ள சர்க்கரையாகும். அது ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்போது உடல் அபாய அறிவிப்பாக அட்ரினலினைச் சுரக்கிறது. வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும் பசி ஆகியவை அதனால் உண்டாகின்றன. அப்பொழுதும் கவனியாது விட்டால் மூளையின் செயலே தடுமாறிப் பேச்சுக் குழறுகிறது, நினைவு தப்புகிறது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும், கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மாத்திரைகளை உண்பவர்களுக்குமே இவ்வபாயம் மிகுதி. மெட்பார்மின் மாத்திரையை மட்டும் உட்கொள்பவர்களுக்கு இது அரிதாகவே நேரும். பரிகாரமோ மிக எளிது. ஏறத்தாழ 15 கிராம் சர்க்கரையை, அதாவது மூன்று தேக்கரண்டி அளவை, நீரில் கரைத்துப் பருகச் செய்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதிக்கவேண்டும். குறைவு நீங்கவில்லையெனில் மீண்டும் அதே அளவு கொடுத்து, பின்னர் உணவு உண்ணச் செய்யவேண்டும். விழுங்க இயலாத நிலையில் இருப்பவருக்கு வாய் வழியாக எதையும் புகட்டாமல் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லவேண்டும்.

மருந்து கையில் இருந்தது. மாற்று மருந்தும் பையில் இருந்தது. பணியிடத்தில் இல்லாதுபோனது அதை எடுத்துண்ணும் துணிவு ஒன்றே. அத்துணிவு ஏன் இல்லாது போயிற்று என்பதே ஆராயத்தக்கது.

விதிகள் அறியாத மூன்றாமவர்

நம் அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் பள்ளிகளிலும் வழங்கும் விதிகளைப் புரட்டிப் பார்த்தால், அவை இருவகை மனிதரை மட்டுமே அறிந்திருப்பது புலனாகும். ஒருவர் நலமாக இருக்கிறார். ஆகவே பணிக்கு வருகிறார். மற்றவர் நோயுற்றிருக்கிறார், ஆகவே மருத்துவச் சான்றிதழ் அனுப்பிவிட்டு விடுப்பில் இருக்கிறார். விடுப்பு முடிந்ததும் நலம்பெற்றதாக மற்றொரு சான்றிதழைக் கொடுத்துவிட்டு அவர் முதல் வகையில் சேர்ந்துவிடுகிறார். அம்மை, விஷக்காய்ச்சல், எலும்பு முறிவு போன்ற, வந்து போகும் நோய்களுக்கு இம்முறை பொருந்தும். வந்தபின் போகாத நோய்களுக்கு இது பொருந்துவதில்லை. நோயும் உண்டு, பணியும் உண்டு என்னும் மூன்றாமவருக்கு விதிப்புத்தகத்தில் பக்கம் இல்லை.

இம்மூன்றாமவர் எங்கோ ஒருவர் என்று கருதலாகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நாடு முழுவதும் நடத்தப்பெற்று 2023-ஆம் ஆண்டில் வெளியான பேராய்வின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் இருபது வயது நிரம்பியவர்களில் 10 கோடியே 10 இலட்சம் பேருக்கு நீரிழிவு உண்டு, நூற்றுக்கு 11.4 பேர் என்பது அதன் விகிதம். இரத்தக் கொதிப்பு உடையவர்களோ நூற்றுக்கு 35-க்கும் மேற்பட்டோர். இருபது பேர் பணிபுரியும் ஒரு சாதாரண அலுவலகத்தில், சராசரிக் கணக்குப்படி இருவருக்கு நீரிழிவும் ஏழு பேருக்கு இரத்தக் கொதிப்பும் இருக்கும். அவர்களிற் பலர் தமக்கு நோய் இருப்பதையே அறியார். அறிந்தவரிற் பலர் பிறரிடம் கூறார். ஆஸ்துமா, வலிப்பு நோய், மூட்டுவாதம், சிறுநீரக நோய் முதலியவற்றையும் கூட்டினால், எந்தப் பணியிடமும் முழுநலமுடையவர்களால் மட்டும் நடைபெறவில்லை என்பது தெளிவாகும்.

காசநோய் கற்பித்த பாடம்

நோயாளியைப் பணியினின்றும் அப்புறப்படுத்துவதே அவருக்குச் செய்யும் நன்மை என்ற எண்ணம் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. அதற்குத் தக்க காரணமும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காசநோய்க்கு மருந்தே இல்லை. தூய காற்று, சத்துணவு, படுக்கை ஓய்வு ஆகிய மூன்றுமே சிகிச்சை எனக் கருதப்பட்டன. சானடோரியத்திற்குச் சென்றவர் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்க நேர்ந்தது. திரும்பி வரும்போது பணி இராது. 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும், 1952-இல் ஐசோநயசிடும் பயனுக்கு வந்தபின் நிலைமை மாறத் தொடங்கியது. எனினும், ஏழை நோயாளி நெரிசல் மிகுந்த வீட்டில் இருந்துகொண்டே மருந்துண்டு குணமடைய இயலுமா என்ற ஐயம் நீங்கவில்லை.

அவ்வையத்தைத் தீர்த்தது சென்னையில் நடந்த ஆராய்ச்சியாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை கூடி 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தை நிறுவின. நோயாளிகள் எவ்விதப் பாகுபாடுமின்றி இரு குழுவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் சானடோரியத்தில் வைத்துச் சிகிச்சை பெற்றனர். மற்றவர் தம் வீட்டிலேயே இருந்து அதே மருந்தை அதே காலத்திற்கு உட்கொண்டனர். வீட்டில் இருந்தோர் உண்ட உணவு தரத்திலும் அளவிலும் குறைவு, இடநெருக்கடி மிகுதி, அவர்களுக்குக் கிடைத்த ஓய்வும் சொற்பமே. 1959-இல் முடிவுகள் வெளியானபோது மருத்துவ உலகம் வியப்படைந்தது. இரு குழுவினரும் ஏறத்தாழ ஒத்த அளவிலேயே குணமடைந்திருந்தனர். வீட்டில் நோயாளியை வைத்திருந்தமையால் குடும்பத்தாருக்குத் தொற்று மிகுந்துவிடவும் இல்லை. அந்நிலையமே இன்று சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது.

இம்முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றிற்று. குணத்தைத் தந்தது படுக்கையோ மலைக்காற்றோ அல்ல. இடைவிடாது உட்கொண்ட மருந்து. ஒரு நாளும் தவறாமல், ஒரு வேளையும் விடாமல், ஓராண்டுக் காலம் மருந்துண்பது எவ்வாறு என்பதே அதன்பின் எழுந்த வினா. இன்று, மருந்துக்கு வழக்கம்போல் கட்டுப்படும் காசநோய்க்கு அவ்வோராண்டு ஆறு மாதமாகக் குறுகியிருக்கிறது. வினா மட்டும் மாறவில்லை. வீட்டிலிருந்து சிகிச்சை பெறுபவர் உடல்நிலை தேறியதும் வேலைக்குச் செல்வார். ஆகவே வினாவும் அவருடன் பணியிடத்திற்குள் நுழைகிறது. மருத்துவமனையில் அறியப்பட்ட இவ்வுண்மையைப் பணியிடங்கள் இன்னும் முழுமையாக அறிந்துகொண்டன என்று கூறுவதற்கில்லை.

சிகிச்சை தொடங்கித் திரும்பி வந்த ஊழியரின் தேநீர்க் குவளை தனியே ஒதுக்கப்படுகிறது. அவருடைய மேசை மூலைக்கு நகர்கிறது. காசநோய் குவளையால் பரவுவதன்று; இருமும்போதும் தும்மும்போதும் வெளிப்படும் கிருமிகள் காற்றின்வழிப் பரவுவது. தக்க மருந்து தொடங்கியபின் தொற்றும் ஆற்றல் விரைவிற் குறைந்துவிடுகிறது. உண்மையில் அஞ்சத்தக்கவர், இன்னும் பரிசோதனைக்கே செல்லாத, வாரக்கணக்கில் இருமிக்கொண்டு பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருப்பவரே. குவளை ஒதுக்கப்படுவதைக் கண்ணால் கண்ட அவர் பரிசோதனைக்குச் செல்வாரா? செல்லமாட்டார். சன்னல் ஒன்றைத் திறந்து வைப்பது ஒதுக்கப்பட்ட பத்துக் குவளைகளைவிடப் பயன் தரும்.

பணிக்கு வர இயலாத நாட்களுக்கு இந்நாடு நல்லதோர் ஏற்பாட்டைச் செய்திருப்பதை மறுக்கவியலாது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகத் தோன்றிய தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டம் 1952 பிப்ரவரி 24-இல் கான்பூரிலும் தில்லியிலும் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. சாதாரண நோய்க்கால உதவியோடு, காசநோய், தொழுநோய், புற்றுநோய் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு, உரிய காலம் சந்தா செலுத்தியவர்களுக்குக் கூலியில் நூற்றுக்கு 80 பங்கு வீதம் இரண்டாண்டு வரை உதவி நீட்டிக்கப்படும் முறையை அத்திட்டம் வகுத்தது. 2025 நவம்பர் 21 முதல் அப்பழைய சட்டத்தின் இடத்தில் 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. இவை யாவும் இரண்டாம் வகை மனிதரைக் காப்பவை. மூன்றாமவர் விடுப்புக் கேட்பதில்லை. பணியில் இருந்துகொண்டே பிழைத்திருக்க வழி கேட்கிறார்.

காலடியும் கழிவறையும்

அவ்வழி பெரும் செலவைக் கோருவது என்று பலர் அஞ்சுகின்றனர். கள ஊழியர் ஒருவரின் காலையே எடுத்துக்கொள்வோம். நீரிழிவு நாட்பட்டால் பாதத்தின் உணர்ச்சி நரம்புகள் மழுங்குகின்றன. செருப்பினுள் சிறு கல் கிடந்தாலும் தெரிவதில்லை. எட்டுக் கிலோமீட்டர் நடந்து மாலையில் கழற்றும்போதுதான் காயம் கண்ணில் படும். இந்த உண்மையை மருத்துவர்கள் தெளிவாகக் கற்றது வேலூரில், தொழுநோயாளிகளிடமிருந்து என்பதைப் பலர் அறியமாட்டார்கள். தொழுநோயில் விரல்கள் தாமே அழுகி உதிர்கின்றன என்று நம்பப்பட்டு வந்த காலத்தில், உணர்ச்சியற்ற கையும் காலும் அன்றாட வேலையில் தம்மை அறியாமலே காயமுறுவதே அழிவுக்குப் பெருங்காரணம் என்பதை டாக்டர் பால் பிராண்டும் அவருடன் உழைத்தோரும் 1940-களின் இறுதியிலும் 1950-களிலும் அங்கே விளக்கிக் காட்டினர். ஆகவே கையைக் குணப்படுத்தியதோடு அவர்கள் நிற்கவில்லை. அக்கை பிடிக்கும் கருவியையும் நோக்கினர். பிடியைப் பருமனாக்கி மெத்தென்று உறையிட்டால் அழுத்தம் பரவிக் காயம் தவிர்க்கப்படும். மிருதுவான நுண்துளை ரப்பரை அடியில் இட்ட செருப்பு பாதத்தைக் காக்கும். அதே செருப்பு இன்று நீரிழிவாளருக்கும் பயன்படுகிறது. பணியாளனைப் பணிக்கேற்பத் தேர்ந்தெடுப்பதைப் போலவே பணிக்கருவியையும் பணியாளனுக்கேற்பத் திருத்தலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அடுத்தது நீரும் கழிவறையும். இவற்றை நோயுடன் சேர்த்து எண்ணும் வழக்கம் நம்மிடையே குறைவு. இரத்தக் கொதிப்பிற்காகச் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை உண்பவர் அடிக்கடி எழுந்து செல்லவேண்டும். கோடை வெயிலில் அலைந்தால் விரைவில் நீர் வற்றிச் சோர்வார். சிறுநீரகக் கல் உடையவர் நிறைய நீர் பருகவேண்டும். ஆனால் கழிவறை இல்லாத இடத்தில் பணிபுரியும் பெண் ஊழியர்கள் காலை முதல் மாலை வரை நீரே அருந்தாமல் இருந்துவிடுகின்றனர். மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்து சரியானதே. அதை உண்டால் எங்கே செல்வது என்ற கவலையால் பணிநாட்களில் அம்மாத்திரை பெட்டியிலேயே தங்கிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் உண்ணப்படும் இரத்தக் கொதிப்பு மருந்தால் யாருக்கு என்ன பயன்?

நீரின் முக்கியத்துவத்தை மிகக் கூர்மையாக உணர்த்துவது அரிவாளணுச் சோகையாகும். பெற்றோர்வழி வரும் இந்நோயில் சிவப்பணுக்கள் உருமாறி, அரிவாள்போல் வளைந்து, நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்துக் கடும் வலியை உண்டாக்குகின்றன. இந்தியாவில் இது முதன்முதலாக அறியப்பட்ட ஆண்டு 1952. அவ்வாண்டில் நீலகிரி மலைவாழ் மக்களிடையிலும், மேல் அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையிலும் இது இருப்பது கண்டறியப்பட்டது. ஒரு பணியிடத்திலேயே அறியப்பட்ட நோய் என்பது இங்கே கருதத்தக்கது. உடலில் நீர் குறைதல், கடுங்குளிர், மழையில் நனைதல், அளவுக்கு மிஞ்சிய உழைப்பு ஆகியவையே வலியைத் தூண்டுவன. பறித்த கொழுந்தின் எடைக்குத் தக்கபடி கூலி பெறும் தொழிலாளி, நீர் அருந்தப் பத்து நிமிடம் நடந்து சென்றால் அந்நேரக் கூலியை இழக்கிறார். செல்லாவிட்டால் மறுநாள் முழுவதையும் இழக்கக்கூடும். குடிநீர்த் தொட்டி வரிசையின் எந்த முனையில் வைக்கப்பட்டிருக்கிறது என்பது இங்கே மருத்துவப் பிரச்சினையாகிவிடுகிறது. அரிவாளணுச் சோகையை ஒழிப்பதற்கான தேசிய இயக்கம் 2023 ஜூலையில் தொடங்கப்பெற்று, மலைவாழ் மக்கள் மிகுந்த மாவட்டங்களில் பரிசோதனை நடைபெற்று வருகிறது. பரிசோதனையில் நோய் உறுதியானவர் மறுநாள் எந்த வேலைக்குத் திரும்புகிறார் என்பதையும் கள ஊழியர் கேட்டறிவது நல்லது.

வலிப்பு நோயைப் பற்றியும் ஒரு சொல். பணியிடத்தில் ஒருவருக்கு வலிப்பு வந்தால் இரும்புச் சாவியைக் கையில் திணிப்பது இன்றும் காணும் காட்சி. வலிப்பு பெரும்பாலும் இரண்டொரு நிமிடங்களில் தானாகவே அடங்கும். சாவி கொடுத்ததால் அடங்கியதாக நம்பிக்கை வேரூன்றிவிடுகிறது. செய்யத்தக்கது, அருகிலுள்ள கூரிய பொருள்களை அகற்றி, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, மணியைக் கவனிப்பதே. வாயில் எதையும் இடலாகாது. ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லவேண்டும். முறையாக மருந்துண்டால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணிப்பு. இரவுத் தூக்கம் கெடுவது வலிப்பைத் தூண்டும் என்பதால் இவர்களை மாறி மாறி வரும் இரவு முறைப் பணியினின்று விடுவிப்பது அறிவுடைமை.

எல்லாப் பணியும் எல்லா நோயாளருக்கும் உகந்தது என்று வாதிட எவரும் முன்வரமாட்டார்கள். வலிப்பு அடங்காதவர் பேருந்து ஓட்டுவதோ உயரமான சாரத்தில் ஏறுவதோ அவருக்கும் பிறருக்கும் ஆபத்து. ஆனால் வினவும் முறை முக்கியம். ‘இந்நோய் உடையவரை வைத்துக்கொள்ளலாமா’ என்பது விடை காண இயலாத கேள்வி. ‘இவர், இப்பணியை, இன்றைய உடல்நிலையில், எந்த மாற்றத்துடன் செய்ய இயலும்’ என்பது மருத்துவரும் மேலதிகாரியும் ஒரு மணி நேரத்தில் விடை காணக்கூடிய கேள்வி.

கூறுவதா, மறைப்பதா?

இக்கேள்வி நீதிமன்றத்தின் முன்பும் வந்தது. பொதுத்துறை நிறுவனமொன்றில் தற்காலிகத் தொழிலாளியாக இருந்த ஒருவர், நிரந்தரப் பணிக்கான மருத்துவப் பரிசோதனையில் எச்.ஐ.வி. கிருமி உடையவர் என அறியப்பட்டு வேலை மறுக்கப்பட்டார். அவர் தம் பெயரை வெளியிடாமலே வழக்காட பம்பாய் உயர் நீதிமன்றம் இடமளித்தது. பணியைச் செய்யும் தகுதி உடலில் இருக்கையில், பிறருக்கு அவரால் குறிப்பிடத்தக்க தீங்கும் இல்லாதிருக்கையில், அக்கிருமி உள்ளது என்ற ஒரே காரணத்திற்காக வேலை மறுக்கலாகாது என்று 1997-இல் தீர்ப்பு வழங்கிற்று. நோயின் பெயருக்கும் பணித் தகுதிக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை இவ்வளவு தெளிவாக வரையறுத்த தீர்ப்பு அதற்குமுன் அரிது.

இருபது ஆண்டு கழித்து, 2017-இல், இக்கொள்கை நாடாளுமன்றச் சட்டமாயிற்று. 2018 செப்டம்பர் 10 முதல் அது நடைமுறையில் உள்ளது. வேலையில் பாகுபாடு காட்டுவதையும், வேலைக்கு முன்நிபந்தனையாக எச்.ஐ.வி. பரிசோதனை கேட்பதையும் அச்சட்டம் தடை செய்கிறது. நூறு பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனம் முறையீட்டு அலுவலர் ஒருவரை நியமிக்கவேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதனினும் விரிந்தது. அரிவாளணுச் சோகை, இரத்தம் உறையா நோய், தலசீமியா, நடுக்குவாதம், நாட்பட்ட நரம்பு நோய்கள் முதலியன அதன் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. பணிக்காலத்தில் ஊனமுற்ற ஊழியரை அரசாங்க நிறுவனம் நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய பணி இயலாதெனில் அதே சம்பள விகிதத்தில் வேறு பணி அளிக்கவேண்டும். அதுவும் இல்லையெனில், தக்க இடம் கிடைக்கும்வரையோ ஓய்வுபெறும் வயதுவரையோ கூடுதல் பணியிடமொன்றில் வைத்துக்கொள்ளவேண்டும் என்பது அதன் விதி. இதை அறியாமல் தாமாகவே பணிவிலகல் கடிதம் கொடுத்துவிட்டவர்கள் உண்டு என்பது வருந்தத்தக்கது.

இருப்பினும், நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உடைய கோடிக்கணக்கானோர் இவ்வட்டவணையில் அடங்கார். அவர்களுடைய காப்பு சட்டத்தைவிடத் தலைமையாசிரியரின், தலைமை எழுத்தரின், மேஸ்திரியின் போக்கையே பெரிதும் சார்ந்திருக்கிறது. அவர்கள் மறைப்பதற்குக் காரணம் வெறும் கூச்சமன்று. விடுப்பு விண்ணப்பம் பிரிவு எழுத்தரிடமிருந்து மேலதிகாரிக்குச் செல்லுமுன் நான்கு கைகளைக் கடக்கிறது. அதில் எழுதப்பட்ட நோயின் பெயரை நான்கு பேரும் படிக்கின்றனர். மாலைக்குள் சிற்றுண்டிச்சாலைக்கும் தெரிந்துவிடுகிறது. பதவி உயர்வுப் பட்டியல் தயாராகும்போது, ‘பாவம், அவருக்கு எதற்கு இந்த அலைச்சல்?’ என்று இரக்கத்தோடு ஒருவர் கூறுவார். அவ்விரக்கம் ஓர் இடமாற்றத்தையோ உயர்வையோ விழுங்கிவிடும். பகைவரின் சொல்லுக்காவது மறுமொழி கூறலாம். இரக்கத்திற்கு மறுமொழி இல்லை.

இதற்குச் செலவில்லாத ஒரு பரிகாரம் உண்டு. மருத்துவரின் கடிதம் நோயின் பெயரைக் கூறவேண்டுவதில்லை. அவர் எதைச் செய்யலாம், எதைத் தவிர்க்கவேண்டும், எவ்வளவு காலத்திற்கு என்பவற்றைக் கூறினால் போதும். ‘இவர் தொடர்ந்து இரண்டு மணி நேரத்திற்கு மேல் நிற்கலாகாது, நான்கு மணிக்கு ஒருமுறை உணவு கொள்ளவேண்டும், மாதத்தில் ஒரு முற்பகல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும், ஆறு மாதம் கழித்து மீண்டும் பார்க்கப்படும்’ என்ற நான்கு வரியைக் கொண்டு எந்த மேலதிகாரியும் பணியை வகுக்க இயலும். நோயின் பெயரை அறிந்து அவர் செய்யப்போவது வேறொன்றுமில்லை.

உடன் பணிபுரிவோரின் முணுமுணுப்பையும் பேசாது விடலாகாது. ஒருவருக்கு இரவு முறை விலக்கப்பட்டால் அது மற்றொருவர் தலையில் விழுகிறது. காரணம் கூறப்படாதபோது அது சலுகையாகத் தோன்றுகிறது. காரணம் கூறப்பட்டால் இரகசியம் போய்விடுகிறது. இச்சிக்கலுக்கு முழுமையான தீர்வு இல்லை. பாதித் தீர்வு ஒன்று உண்டு: எதை எல்லோருக்கும் பொதுவாக அளிக்க இயலுமோ அதைப் பொதுவாகவே அளித்துவிடுவது. தேர்வுக் கூடத்தில் ஒவ்வொரு மேற்பார்வையாளருக்கும் நாற்காலி, குடிநீர், ஒன்றரை மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் மாற்றாள் என்பது விதியானால், நீரிழிவு உடையவர் தம்மைக் காட்டிக்கொடுக்காமலே அப்பத்து நிமிடத்தில் உண்டு வரலாம். முழங்கால் வலியுடையவர் அமரலாம். கருவுற்றிருப்பவர் கழிவறைக்குச் செல்லலாம். எந்நோயும் இல்லாதவர் சற்றே காலாறலாம். யாரும் எதையும் ஒப்புக்கொள்ளவேண்டிய தேவை எழவில்லை. அவ்வாறு பொதுவாக்க இயலாத சிலவற்றுக்கு மட்டுமே தனியே கேட்கவேண்டியிருக்கும். அவற்றை ஒரே ஒருவரிடம் கூறினால் போதும் என்றும், அவர் அதை வெளியிடமாட்டார் என்றும் முன்னரே உறுதி அளிக்கப்பட்டிருந்தால், ஆறு ஆண்டு மறைத்தவரும் ஆறு நாளில் வாய் திறப்பார்.

அலுவலகமே இல்லாத பணியிடங்கள்

இந்நாட்டில் உழைப்போரிற் பெரும்பாலோருக்கு மேலதிகாரியும் இல்லை, விதிப்புத்தகமும் இல்லை. வயலிலும் சந்தையிலும் கட்டடச் சாரத்திலும் அவர்களைச் சந்திப்பவர் கள ஊழியரே. தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தின்கீழ் முப்பது வயது கடந்தோரிடம் வயது, புகையிலை, மது, இடுப்பளவு, உடலுழைப்பு, குடும்ப வரலாறு ஆகியவற்றை ஆஷா ஊழியர்கள் படிவத்தில் குறித்துவருகின்றனர். படிவத்தில் இல்லாத மூன்று கேள்விகளையும் அவர்கள் பேச்சோடு பேச்சாகக் கேட்கலாம்: வேலைக்குப் போன இடத்தில் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள்? நீர் எங்கே கிடைக்கிறது? மாத்திரை வாங்க வரும் நாளில் கூலி போகிறதா? மூன்றாவது கேள்வியே பெரும்பாலும் நோயின் போக்கைத் தீர்மானிக்கிறது. மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை இழப்பவர் இரண்டு மாதம் வருவார்; மூன்றாம் மாதம் வரமாட்டார். ஒரு மாத மருந்துக்குப் பதில் இரண்டு மாத மருந்து கொடுக்க மருத்துவர் இசைந்தாலோ, சந்தை கூடும் நாளில் அளவு பார்க்கப்பட்டாலோ அவர் தொடர்ந்து வருவார்.

இன்சுலின் போட்டுக்கொள்ளும் கள ஊழியருக்கும் கூலியாளருக்கும் வெயில் தனித் தொல்லை. திறக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடு குளிரில் வைக்கவேண்டும், உறைந்துபோக விடலாகாது. பயன்படுத்தத் தொடங்கிய குப்பி 30 டிகிரிக்கு மிகாத சூட்டில் ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும். வெயிலில் நிறுத்திய மோட்டார் சைக்கிளின் பெட்டியிலோ வாகனத்தின் முகப்பிலோ வைத்தால் மருந்தின் வீரியம் கெடும். கண்ணுக்கு அது தெரியாது, அடுத்த நாள் சர்க்கரை அளவில்தான் தெரியும். குளிர்பதனப் பெட்டி இல்லாத இடத்தில், நீர் புகாத டப்பாவில் குப்பியை இட்டு, சிறு மண் கலயத்தினுள் வைத்து, அக்கலயத்தை ஈரமணல் இட்ட பெரிய பானைக்குள் இறக்கி, ஈரத் துணியால் மூடி நிழலில் வைப்பது கைகண்ட முறை. மணலின் ஈரம் ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூடு தணிகிறது. நாள்தோறும் இருமுறை மணலில் நீர் தெளிக்கவேண்டும். காற்றில் ஈரம் மிகுந்த மழைக்காலத்தில் மட்டும் இம்முறையின் பயன் குறைவு.